குகைக்குள் விழுந்த பொன்கோடு

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பது குமரேசனின் வழக்கம். அவன் வழக்கம் என்று என்ன, பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கைரேகைகளுக்கு மேல் ஒட்டியிருந்த உள்ளங்கைத் திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஆறு வயது அமுதனின் கோடு மஞ்சளும் ஆரஞ்சுமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. தூக்கத்திலும் அந்தப் பயல் எங்கேயோ சறுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான் போல. அதற்குக் கீழே மகள் தாமிராவின் கோடு. சாம்பல் நிறம். நேற்றும் சாம்பல், அதற்கு முந்தின நாளும் சாம்பல். ஒரு வருடமாகவே அந்தக் கோட்டுக்கு வேறு நிறம் மறந்து போயிருந்தது.

“இன்னைக்கும் அப்படியேதானா?” என்று கொண்டையை முடிந்தபடி கேட்டாள் அவன் மனைவி செண்பகம்.

“அப்படியேதான்.”

“இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தும்...” என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

உண்மையில் திருநெல்வேலியிலிருந்து களிப்புத் தீவு அப்படியொன்றும் தூரமில்லை. மன்னார் வளைகுடாவில் மிதந்துகொண்டிருந்த அந்தப் பூங்காவுக்குக் கரையிலிருந்து பறவைவண்டியில் ஏறினால் காப்பி ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. குமரேசன் போன வருடமே சொல்லிவைத்து, தாமிராவின் பதினாறாவது பிறந்தநாள் உள்ளே விழுகிற மாதிரி விடுமுறையை அமைத்திருந்தான். அந்தப் பிறந்தநாள் இன்றுதான். இன்று சாயங்காலம், அவள் பிறந்த நேரத்தில், அவளுடைய மனவளை கழன்று விழும்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் பூட்டுகிற மெல்லிய வளையம் அது. பிள்ளை வளர வளர அதுவும் வளரும். நாடித் துடிப்பையும் வியர்வையையும் ரத்தத்தில் கரைகிற சுரப்புகளையும் படித்து, உள்ளே இருக்கிற மனசை நிறமாக மாற்றிப் பெற்றவர்களின் உள்ளங்கைக்கு அனுப்பும். பயம் ஊதா, கோபம் சிவப்பு, சந்தோஷம் மஞ்சள். மனசு வாடிக் கிடந்தால் சாம்பல், நிறைந்து தளும்பினால் பொன். பதினாறு முடிந்ததும் சட்டப்படி வளை தானாகத் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு அவரவர் மனசு அவரவருக்கு. பெற்ற தாயானாலும் எட்டிப் பார்க்க முடியாது.

குமரேசனின் கவலையே அதுதான். வளை இருக்கும்போதே மகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை, அதுவும் போய்விட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு தடவை அந்தக் கோடு பொன்னாக வேண்டும். எதனால் பொன்னானது என்று அவன் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்த ஒன்று தெரிந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் அமுதன் இட்லியை விழுங்கிவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, உனக்கு என்ன ஆச்சு? ஏன் ஒரு மாதிரி இருக்க?”

செண்பகம் பதறிப்போய்ப் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை. “அமுதா! ஒருத்தர்கிட்ட அப்படிக் கேக்கலாமா? எத்தனை மட்டம் சொல்லிருக்கேன்?”

“சும்மாதானம்மா கேட்டேன்.”

“சும்மா கேக்குற கேள்வியா அது? வாயை மூடிட்டுத் தின்னு.”

அந்தக் கேள்வி அவ்வளவு அசிங்கமாகிப் போயிருந்தது. பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டால், உள்ளங்கையைப் பார்க்கக்கூட நேரமில்லாத பெற்றோர் என்று அர்த்தம். பெரியவர்களிடம் கேட்டால், அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் தலையை விட்டதுபோல. எப்போது இப்படி ஆனது என்று யாருக்கும் நினைவில்லை. வளை வந்து இரண்டு தலைமுறைக்குள் அந்தக் கேள்வி நல்ல குடும்பத்து மனிதர்கள் வாயிலிருந்து உதிர்ந்து போயிருந்தது.

தாமிரா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தன் வடையில் பாதியைப் பிய்த்துத் தம்பியின் தட்டில் மட்டும் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு பிள்ளையைப் பிரித்துக்கொண்டார்கள். சின்னவனைச் சறுக்குமலைக்குக் கூட்டிப்போனாள் செண்பகம். “பெரியவளை நீங்க பாத்துக்கோங்க” என்று அவள் சொன்ன தொனியில், பெரிய பாரத்தைக் கைமாற்றிவிட்ட நிம்மதி இருந்தது.

உள்ளங்கைத் திரையோடு இணைந்திருந்த பூங்காவின் வழித்துணை குமரேசனின் காதுக்குள் பேசியது. அது எந்திரக் குரல்தான் என்றாலும் கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவர்களின் பணிவு அதற்கு இருந்தது. “ஐயா, உங்கள் மகளின் நிறம் இன்னும் சாம்பலிலேயே இருக்கிறது. எடையில்லா அறைக்குப் போகலாமா?”

போனார்கள். குமரேசன் தலைகீழாக மிதந்தான். சட்டை கழுத்துக்கு ஏறி, தொப்பை தனியாக ஊர்வலம் போனது. சுற்றியிருந்த குடும்பங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. அங்கே விழ முடியாது என்பதால் மிதந்து மிதந்து சிரித்தன என்று வைத்துக்கொள்ளலாம். அவன் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் உள்ளங்கையைப் பார்த்தான். சாம்பல். அடுத்து மரபணுவிலிருந்து வளர்த்தெடுத்த டைனோசர் குஞ்சுகளுக்கு இலை ஊட்டினார்கள். சாம்பல். மேகத்துக்குள் ஓடுகிற ரயிலில் ஏறினார்கள். அதே சாம்பல்.

ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கும்போது தாமிரா, “நல்லா இருந்துச்சுப்பா” என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். வளை பொய் சொல்லாது. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் அவன் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டான்.

மத்தியானத்துக்கு மேல் ஆழ்கடல் குகைக்கு வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய படகு, ஆளில்லாமல் தானே போகிறது. குகை வளைந்து வளைந்து உள்ளே இறங்கியது. நடுவழியில் ஓரிடத்தில் கும்மிருட்டு. அந்த இடத்தில் குமரேசனின் உள்ளங்கையும் இருண்டது. இரண்டு கோடுகளும் இல்லை.

பதினாறு வருடத்தில் உள்ளங்கையில் மகளின் கோடு இல்லாமல் அவன் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. உள்ளங்கையைத் தேய்த்தான், உதறினான், தொடையில் தட்டினான். ஒன்றும் வரவில்லை.

“ஏட்டி தாமிரா! இருக்கியா?”

“பக்கத்துலதானப்பா இருக்கேன்.”

“பயமா இருக்கா? உனக்கு... உனக்கு என்ன செய்யுது?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அந்த இருட்டிலும் அவனுக்குக் காது சூடானது. நல்லவேளை, முன்னால் போன படகு தூரத்தில் இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா” என்றாள் தாமிரா. “நல்லாத்தான் இருக்கேன்.”

அந்தக் குரல் காலையில் கேட்ட குரலாக இல்லை. அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை, கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்போது தண்ணீருக்கடியில் நீல ஒளிமீன்கள் கூட்டமாக எழுந்து படகைச் சுற்றி வந்தன. படகு வெளிச்சத்துக்கு வந்ததும் திரை விழித்துக்கொண்டு, விட்டுப்போன இடத்தை நிரப்பிக்கொண்டே வந்தது. சாம்பல், சாம்பல், நடுவில் மெல்லியதாக ஒரு கோடு. மஞ்சள் அல்ல, பொன். அசல் பொன்.

குமரேசன் எழுந்து நின்றதில் படகு ஆடியது. ஒளிமீன்! மகளுக்குப் பிடித்தது ஒளிமீன்! சின்ன வயதில் மீன்தொட்டி வேண்டுமென்று கேட்டாளோ? நினைவு வரவில்லை, போகட்டும். உடனே வழித்துணையைக் கூப்பிட்டான். “குகைக்குள்ள இணைப்பு அறுந்துபோகுது. அதைச் சரி பண்ணுங்க. மக நிறத்தை நான் அங்கேயே பாக்கணும்.”

“வருந்துகிறோம், ஐயா. இப்போதே சரிசெய்கிறோம்.”

சரிசெய்தார்கள். மறுபடி போனார்கள். இப்போது திரை ஒரு நொடிகூட அணையவில்லை, அவனும் ஒரு நொடிகூட அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன்கள் வந்தன. கோடு சாம்பலாகவே ஓடியது. வழித்துணையிடம் சொல்லி இன்னும் பெரிய கூட்டமாக மீன்களை வரவழைத்தான். அதற்கும் சாம்பல். முன்னிருக்கை, பின்னிருக்கை, இசையோடு, இசையில்லாமல் என்று எத்தனை தடவை போனார்கள் என்று அவனுக்கே கணக்கில்லை.

“அப்பா, போதும்ப்பா” என்றாள் தாமிரா.

“இன்னும் ஒரே ஒரு தடவை, கண்ணு.”

இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. படகுத்துறையின் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுளகில் உளுந்து தெறித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். தாமிராவின் மணிக்கட்டிலிருந்து வளை திறந்து மடியில் விழுந்தது. குமரேசன் உள்ளங்கையைப் பார்த்தான். அமுதனின் கோடு மட்டும் நடுவுக்கு நகர்ந்து திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

வளை இருந்த இடத்தில் அவள் தோல் வெளிறியிருந்தது. அதைப் பார்த்தவன் அப்படியே நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தான். தாடையில் ஒரு பருத் தழும்பு. கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுத்திருந்தது. இதெல்லாம் எப்போது வந்தது? அந்த முகத்தில் இருப்பது துக்கமா, அலுப்பா, வெறும் வெயில் களைப்பா, அவனால் சொல்ல முடியவில்லை. முகத்தைப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெற்ற மகளின் முன்னால் வழி தெரியாதவனாக உட்கார்ந்திருந்தான்.

“என்னால முடியலம்மா” என்றான். “அந்த மீனை வச்சாவது உன்னைச் சந்தோஷப்படுத்திரலாம்னு பாத்தேன்.”

“எந்த மீன்ப்பா?”

“குகைக்குள்ள வந்துச்சே, ஒளிமீன். மொதத் தடவை அதைப் பாத்து உனக்குப் பொன்னாச்சுல்லா?”

தாமிரா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“மீனுக்காகவா இத்தனை தடவை கூட்டிட்டுப் போனீங்க? நான் மீனைப் பாக்கவே இல்லப்பா. நீங்க கேட்டீங்கல்லா, என்ன செய்யுதுன்னு? அதுக்குத்தான். பொறந்ததுலேருந்து அம்மாவும் நீங்களும் என்கிட்ட அதைக் கேட்டதே இல்ல.”

கேட்டதற்காகக் கூசிப்போனானே, அதே கேள்விக்கா அந்தப் பொன்? அந்த இருட்டையல்லவா அவன் ஆள் வைத்துச் சரிசெய்திருக்கிறான்! மகளுக்கு இதைவிடப் பெரிய கெடுதலை ஓர் அப்பன் இவ்வளவு ஆசையாகச் செய்திருக்க முடியாது.

தொண்டையைச் செருமிக்கொண்டான். “சரி, இப்பக் கேக்குறேன். இந்த ஒரு வருசமா உனக்கு என்ன செய்யுது?”

அடுத்த இருக்கையிலிருந்த தம்பதி திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவன் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

“ரெபெக்கா பேச மாட்டேங்காப்பா” என்றாள் தாமிரா. ரெபெக்கா அவளுடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள், அவளைவிட ஒரு வயது மூத்தவள். “அவளுக்கு வளை கழண்டதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலகிட்டா. நான் எதுவும் தப்பு பண்ணிட்டேனா, அவளுக்கு எதுவும் கஷ்டமா, ஒண்ணும் தெரியல. போய்க் கேக்கணும்னு தோணும். எப்படிக் கேக்கதுன்னு தெரியல. நீங்களும் அம்மாவும் சாம்பலைப் பாத்துட்டு என் அறைக்குப் புதுசா பெயின்ட் அடிச்சீங்க. பாயசம் வச்சுக் குடுத்தீங்க. நாய்க்குட்டி வாங்கித் தந்தீங்க.”

“நாய்க்குட்டி பிடிக்கலையா?”

“நாய்க்குட்டி நல்ல நாய்க்குட்டிதான்ப்பா” என்று மூக்கை உறிஞ்சினாள். “அதுவும் கேக்காதுல்லா.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். பள்ளியில் தனியாகச் சாப்பிட்டது, கூட்டத்தில் ரெபெக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டால் வயிறு சுருங்குவது எல்லாவற்றையும் சொன்னாள். குமரேசனிடம் அதற்கெல்லாம் மருந்து எதுவும் இல்லை. “ம்” என்றான், “அப்புறம்?” என்றான், அவ்வளவுதான். அவள் தோள்கள் மெல்லத் தளர்வதை மட்டும் பார்த்தான். அதற்கு என்ன நிறம் வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஊருக்குப் போனதும் ரெபெக்காவின் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடப் போவதாக அவள் சொன்னபோது, அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பேச்சு அவன் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, “போய்க் கேளு. நான் வாசல் வரைக்கும் வாறேன்” என்றான்.

கடலில் கடைசிப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. தாமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

“உங்களுக்கு எப்பப்பா வளை கழண்டுச்சு?”

“உன் வயசுலதான். எல்லாருக்கும் அப்பத்தான?”

“அதுக்கப்புறம் உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?”

குமரேசன் யோசித்தான். அப்பா இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் கையைப் பிடித்து, வானிலை பேசிவிட்டுப் போனார்கள். வேலை போய் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தபோது செண்பகம் அவனுக்குப் பிடித்த குழம்பாகப் பார்த்து வைத்தாள். அவளுக்குக் கருக்கலைந்த வருடம் அவனும் அதையேதான் செய்தான், அல்வா வாங்கிக்கொண்டு வந்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூடக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

“இல்லம்மா” என்றான்.

தாமிரா அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு என்னப்பா செய்யுது?”

“எனக்கென்ன, நான் நல்லா...” என்று ஆரம்பித்தான். அதை முடிக்க முடியவில்லை. ஒரு வருடத்துப் பயம், அதற்கு முந்தின எத்தனையோ வருடங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. எதை முதலில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் குமரேசன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அவசரமில்லப்பா” என்றாள் தாமிரா, அவன் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு. “மெதுவாச் சொல்லுங்க.”