கண்ணமங்கலத்தில் இறங்கிய சைக்கிள்

வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் கணவன் பச்சையப்பனின் சைக்கிளை லக்கேஜ் பெட்டியில் ஏற்றிவிட்டு, பாசஞ்சர் ரயிலின் அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள் பூங்காவனம். அவன் இறந்து காரியமும் முடிந்துவிட்டது. வேலூரில் பட்டுக்கடை வேலை அவனுக்கு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் ஆரணி வீட்டுக்கு வருவான். கடையிலேயே மயங்கி விழுந்து இறந்தவனை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவன் சைக்கிள் மட்டும் கடையின் பின்புறம் நின்றுவிட்டது. அதையாவது வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள்.

கண்ணமங்கலத்தில் ரயில் நின்றபோது மழை விட்டிருந்தது. பொழுது சாய்ந்த மங்கல் வெளிச்சம். பிளாட்பாரத்தில் ஒரு சைக்கிள் அவள் ஜன்னலைத் தாண்டிப் போனது. கைப்பிடியில் அவள் கட்டிய லக்கேஜ் அட்டை ஆடியது. தள்ளிக்கொண்டு போனவனின் முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த முதுகு அவளுக்குத் தெரியும்.

இறங்கி ஓடினாள். ரயில் கார்டு தன் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருதாம்மா எறக்கிக்கினு போறாரு. உங்க பேரச் சொல்லித்தான் கேட்டாரு."

ரயில் கிளம்பிப் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே ஈர மண்ணில் டயர் தடம் நீளமாகப் போனது.

பக்கத்தில் காலடித் தடம் இல்லை. ஏறி மிதிக்கக் கால் ஊன்றிய தடம்கூட இல்லை.

தடம் ஓர் ஓட்டு வீட்டின் முன் முடிந்தது. சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று அவன்மேல் கிடந்த ரோஜா மாலையின் வாடை அந்த வாசலில் அடித்தது.

கதவைத் தட்டினாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒருத்தி திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"இந்த சைக்கிளு..."

"எங்க வீட்டுக்காரருதுங்க. ரொம்ப நாளா ஆளே காணோம், ஒரே பேஜாரா இருந்திச்சு. இப்பதான் வந்தாரு. சாப்ட்டுகினு இருக்காரு."

வராத ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்பது பூங்காவனத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பயம் போய், நெஞ்சு எரிந்தது.

"அவரக் கொஞ்சம் கூப்புடுங்க."

கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பினாள். "ஏங்க, உங்களத் தேடிகினு ஒரு அம்மா வந்திருக்காங்க."

தட்டில் சோறு பிசையும் சத்தம் நின்றது.

பிறகு அந்தக் குரல் கேட்டது. பூங்காவனம் தன் கையால் வாய்க்கரிசி போட்ட வாயின் குரல்.

"யாரோ தெரியல. கதவச் சாத்திட்டு வா."

தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே, மறுபடியும் சோறு பிசையும் சத்தம்.