ஓரகத்தியின் குரல்

விடியற்கால ஜெபத்தில் பூ-யோங் கேட்டதற்கு யாரோ "சரி" என்றார்கள்.

கொரியாவின் கூன்சான் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருந்த அந்தத் தேவாலயத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பது வழக்கம். மகனுக்கு வேலை கேட்டு ஒருத்தி அழுவாள், கடலில் இருக்கும் படகுக்காக ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொள்வார். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கேட்பது காதில் விழாது. அந்தத் தைரியத்தில்தான் பூ-யோங் மனசில் கிடந்ததை அப்படியே சொன்னாள்.

"தான்-பியோட குரலை எனக்குக் குடுத்துடுங்க, ஆண்டவரே. அவளுக்கு எதுக்கு அது?"

சரி.

காதோரத்தில், ஈரமாக, மீன்கூடையின் அடியில் தேங்கிய தண்ணீர் நாற்றத்தோடு. திரும்பினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மெத்தை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.

தான்-பி அவள் ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. ஒரே கட்டடத்தில் கீழ்வீட்டில் குடியிருந்தாள். அவளைப் பாடகர் குழுவில் கொண்டுவந்து சேர்த்ததே பூ-யோங்தான். ஆண்களும் பெண்களுமாக, ஒரு வாத்தியமும் இல்லாமல் வெறும் குரலில் பாடுகிற குழு. குழுவை நடத்தும் சாங்-ஹ்யோக் இசைக்கவை என்ற சின்ன இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துச் சுருதி கொடுப்பார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் பாட்டில் ஓர் இடம் வரும். எல்லோரும் வாய்மூடி ரீங்கரிக்க, அதன்மேல் ஒரே ஒரு பெண்குரல் தேவதூதனைப் போல எழும்பும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அது பூ-யோங்கின் இடம்.

"அக்கா, இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. தான்-பி பாடட்டும்" என்று போன வாரம் சாங்-ஹ்யோக் சொன்னார்.

"ஓய்வா? நான் என்ன பிள்ளையா பெத்துட்டு வந்திருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தான்-பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துலயே நில்லுங்கக்கா. இல்லேன்னா பயத்துல கோழி மாதிரி கத்திடுவேன்" என்றாள். அந்தக் கை கதகதப்பாக இருந்தது. அதுவும் பூ-யோங்குக்குப் பிடிக்கவில்லை.

ஜெபித்த அன்று மாலை ஒத்திகையில் தான்-பி வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. கரகரப்பு இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. வாய் அசைந்தது, கண்கள் விரிந்தன, விரல்கள் தொண்டையைத் தடவித் தேடின. அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மறுநாள் மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்த இடம் பூ-யோங்குக்கே திரும்பி வந்தது. முதல் தடவை பாடியபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. வயசு கீறிவிட்ட தன் பழைய குரல் எங்கோ போய், பனி உருகிய தண்ணீர்போல ஒன்று வழிந்து வந்தது. சாங்-ஹ்யோக்கின் கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா... கண்ணை மூடிக்கிட்டா தான்-பி பாடுற மாதிரியே இருக்கு."

இப்போதும் அவள் பெயர்தானா!

மறுநாள், தொண்டைக்கு நல்லதென்று பேரிக்காயைக் குடைந்து, தேன் ஊற்றி, ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனாள். பாவம் பார்த்துப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த மௌனத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் பனி விழுந்துகொண்டிருக்க, சூடேற்றிய தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த தான்-பி நிமிர்ந்து பார்த்து, பழக்கத்தில் உதடுகளை அசைத்தாள்.

"வாங்கக்கா."

சத்தம் வந்தது. பூ-யோங்கின் வாயிலிருந்து.

சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்றது. தான்-பியின் பார்வை மெல்ல இறங்கி பூ-யோங்கின் கழுத்தில் நின்றது. உதடுகள் மறுபடி அசைந்தன. பூ-யோங்கின் நாக்கு தானாகப் புரண்டது.

"இங்கயா இருக்கு?"

கிண்ணம் உடைந்தது. தேன் தரையில் பரவியது. படியேறி ஓடினாள். பின்னால் யாரும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பாடக்கூடாது என்று முடிவு செய்தாள். சாங்-ஹ்யோக்கைப் போனில் அழைத்தாள். காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தாள். "கண்டிப்பா வர்றேன். நல்லா பாடுறேன்" என்றது வாய், இனிமையாக. தரைக்குக் கீழே, சரியாக அவள் காலடியில், தான்-பி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சோறு விழுங்கும்போது தொண்டை முனகியது. தூக்கத்தில் அவள் பாடுவதாகக் கணவன் தோக்-சூ பெருமையாகச் சொன்னான். "இவ்ளோ அழகா நீ பாடி நான் கேட்டதே இல்ல."

கிறிஸ்துமஸ் காலை. பனி வெளிச்சம் ஜன்னல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நாற்றம். முதல் வரிசையில், நேர் எதிரே, தான்-பி.

இசைக்கவை ஒலித்தது. ரீங்காரம் எழுந்தது. ஆண்குரல்கள் அடியில், பெண்குரல்கள் மேலே.

பூ-யோங் பற்களைக் கடித்துக்கொண்டாள். தான்-பி வாயைத் திறந்தாள்.

பூ-யோங்கின் தாடை திறந்தது.

குரல் ஏறியது. கூரையைத் தொட்டது. சபையில் ஒருத்தி விம்மினாள். உச்சியில் அந்த நீண்ட ஸ்வரம். அங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். சாங்-ஹ்யோக் கையை மூடினார். ரீங்காரம் அடங்கியது.

தான்-பி வாயை மூடவில்லை.

குரல் நிற்கவில்லை. நெஞ்சில் காற்று தீர்ந்தது. குரல் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இழுக்க முடியவில்லை. வெளியே மட்டும். கைகளால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வழிந்தது. கண் ஓரங்கள் கறுத்தன. அவள் சரிந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைத் தாங்கினார்கள். பரவசம் என்று நினைத்தார்கள்.

சபை முழுவதும் எழுந்து நின்றது. கண்ணீரோடு கைகளை உயர்த்தியது.

தான்-பி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.