தெற்கு எந்தப் பக்கம்?

ஏழு கள்ளிகளையும் தேய்த்துத் துடைத்து முடித்தாள் ஹசிந்தா. ஒவ்வொன்றும் பீப்பாய் போல அவள் இடுப்பு உயரம் இருந்தது. ஈரமான பல் பிரஷால் முள் முள்ளாகத் தூசி எடுத்திருந்தாள். அம்மா வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

"அக்கா, வெள்ளைப் பொட்டெல்லாம் எங்கே?" என்றான் தம்பி நாச்சோ.

"என்ன பொட்டு?"

"அம்மா சுண்ணாம்புல வெச்சாங்களே. தெக்குப் பக்கம் எதுன்னு தெரிய."

ஹசிந்தா கையிலிருந்த பிரஷைப் பார்த்தாள். நுனியெல்லாம் வெள்ளை.

கதேரைதா ஊருக்கு வெளியே, புதுச் சாலை வரும் வழியில் நின்ற கள்ளிகள் அவை. இயந்திரம் வருவதற்குள் அம்மா தோண்டி எடுத்து வந்திருந்தாள். மூன்று வாரமாகக் கொட்டகையில் வேர் உலர்ந்தது. இன்று நட வேண்டும். முன்பு தெற்கு வெயிலைப் பார்த்த பக்கமே இங்கும் தெற்கு வெயிலைப் பார்க்க வேண்டும். நிழல் பக்கத்தைத் திருப்பி வைத்தால் அது வெந்துபோகும்.

போன வருடம் ஒன்று அப்படித்தான் வெந்தது. பாதி உடம்பு மஞ்சளாகி, தக்கையாகி, செத்தது. அம்மாவை விட வயதான கள்ளி. அன்று அம்மா சோள ரொட்டியைத் தொடவே இல்லை.

"ஏழும் செத்துடும்," என்றான் நாச்சோ. "அப்புறம் அம்மா உன்னைக் கள்ளி மேல உக்கார வைப்பாங்க."

"வாயை மூடுடா."

மூலையில் சுண்ணாம்பு வாளி இருந்தது. ஹசிந்தா அதில் விரலை விட்டாள். குத்துமதிப்பாக ஏழு பொட்டு வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

கள்ளிக்குத் தெரியும்.

விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முதல் கள்ளியின் முன் குந்தினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே முள். அழுகை வந்தது.

அப்போதுதான் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. முள் குத்தியதால் அங்கே அவள் தேய்க்கவில்லை. பழுப்பு மண் கறை ஒன்று வளையமாகச் சுற்றி ஓடியது. அதுவரைதான் கள்ளி மண்ணுக்குள் இருந்திருக்கிறது. ஆனால் வளையம் கோணலாக இருந்தது.

"நாச்சோ, ஒரு கல்லு கொண்டா!"

சாக்கைச் சுற்றிக் கள்ளியை ஒரு பக்கம் நெம்பிப் பிடித்தாள். அவன் கல்லை அடியில் செருகினான். வளையம் மட்டமானது. உடனே கள்ளியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"காட்டுல நிக்கிறதெல்லாம் தெக்கு பாத்துத்தானே சாஞ்சிருக்கும்?" என்றாள் மெதுவாக.

"தப்பா இருந்தா?"

வாசலில் அம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

ஓடினாள். வண்டி நிற்பதற்குள் சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஏழையுமா?"

"ஏழையும்தாம்மா. ஆனா அடியில வளையம் இருக்கு. அதை வெச்சு..."

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு வண்டியின் பின்பக்கம் போனாள். வண்டியில் இப்போதுதான் தோண்டிய எட்டாவது கள்ளி சாக்கில் கட்டிக் கிடந்தது.

"திரும்பி நில்லு."

அம்மா சாக்கைப் பிரித்து, சுண்ணாம்புப் பொட்டு தெரியாதபடி கள்ளியின் நடுவில் தன் சால்வையைச் சுற்றினாள். அடியும் தலையும் மட்டும் வெளியே.

"இப்ப பாரு. தெக்கு எது?"

ஹசிந்தா குனிந்தாள். வளையம். கல். இன்னொரு கல். வளையம் மட்டமானது. தலை சாய்ந்தது. அந்தப் பக்கம் விரலை நீட்டினாள்.

அம்மா சால்வையைப் பிரித்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. முள்ளில் மாட்டிக்கொண்டது. நாச்சோ கண்ணை மூடிக்கொண்டான்.

மூன்றாவது சுற்றில், அவள் விரலுக்கு நேரே, வெள்ளைப் பொட்டு.

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! பத்து வருஷமா இந்தச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிட்டு அலையறேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும்!"

எட்டாவதை வேர் உலரக் கொட்டகையில் வைத்தார்கள். மதியத்துக்குள் மற்ற ஏழும் மண்ணில் நின்றன, தெற்கே லேசாகத் தலை சாய்த்து.