கொக்கோக் கிடங்கின் தராசு

செர்வாவின் முதுகில் வண்ணத் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்த குழந்தை அடொம், திடீரென வில்லாக வளைந்தான். புளித்த பால் அவளுடைய தோளில் வழிந்தது. பின்னர்... எவ்வித ஓசையும் இல்லை.

மழையில் ஓடிவந்தவள், கோவாசோ ஊர்க் கடைத்தெருவின் மருந்துக்கடை வாசலில் ஒருவன்மீது மோதினாள்.

"குழந்தையை இறக்குங்க மேடம்! சீக்கிரம்!"

அவன் குழந்தையை வாங்கி நிமிர்த்திப் பிடித்து, வாயைத் துடைத்தான். ஒரு கணம்... இரண்டு கணம்... அடொம் வீறிட்டு அழுதான். அவ்வழுகையைக் கேட்டபின்னரே செர்வாவுக்கு மூச்சு வந்தது.

"வாசல்ல இப்படித் தூண் மாதிரி நிப்பீங்களா?" என்றாள், நடுக்கத்தை மறைக்க.

"கடை என்னுது. நீங்கதான் லாரி மாதிரி வந்தீங்க."

அவன் மருந்தாளுநன் டார்க்வா. மழைநீர் சொட்டும் இமைகளுக்கிடையே அவனுடைய கண்கள் சிரித்தன. அவளோ பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க அம்மாவா?"

"பெத்தவ என் அக்கா. பிரசவத்துலயே போயிட்டா. எங்க வழக்கத்துல நான்தான் அம்மா." அவள் மருந்துச் சீட்டை நீட்டினாள். "ஏழு மாசம் ஆகுது, குடிக்கிறதெல்லாம் எதுக்களிச்சு வருது டாக்டர். மூணு வாரத்துக்கு முன்னாடி ஆறு கிலோ இருநூறு. நேத்து அஞ்சு கிலோ அறுநூறுதான். கரைஞ்சுகிட்டே போறான்... இந்த மருந்து பத்தாது. நெஞ்செரிச்சலுக்கு நான் போடுற இருபது மில்லிகிராம் குளிகையையே பிரிச்சுக் கொடுத்துடப் போறேன்."

டார்க்வாவின் முகத்திலிருந்த சிரிப்பு அகன்றது.

"அது பெரியவங்களுக்கு. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் மருந்து. இவனுக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்னு எழுதியிருக்காங்க. நிஜமாவே எடை குறைஞ்சிருந்தா, மருந்தைக் கூட்டுறதில்ல... இன்னைக்கே குமாசி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

குமாசி! அக்காவும் அவ்வாறே சென்றாள், திரும்பவில்லை.

அவன் குழந்தையைத் தன் தராசில் கிடத்தினான். ஆறு கிலோ ஐந்நூறு.

"முன்னாடி எங்க எடை போட்டீங்க?"

"எங்க கொக்கோக் கிடங்குல. துணியில கட்டித் தொங்கவிட்டு. நான் அங்க கொள்முதல் எழுத்தர்."

"அப்போ அந்தத் தராசு..."

"என்ன சொல்ல வர்றீங்க? ஊரே தன் கொக்கோக் கொட்டையை அதுலதான் எடை போடுது! உங்க தராசுதான் பொய் சொல்லுது!"

அவள் குழந்தையை வாரியெடுத்து வாசல்வரை விரைந்தாள். மழை வெள்ளைச் சுவராக எழுந்து நின்று அவளைத் தடுத்தது. டார்க்வா பிரிக்கப்படாத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தராசில் வைத்தான். முள் ஒன்றில் நின்றது... சிறிதும் அசையவில்லை.

குழந்தை வளர்ந்திருக்கிறான்! மகிழ்ச்சி அவளுடைய நெஞ்சில் பொங்கிய அதே நொடியில், மற்றொரு பயமும் எழுந்தது. இரண்டு வாரங்களுக்கு முன், கொக்கோப் பருவத் தொடக்கத்தில், கொள்முதல் நிறுவனத்திலிருந்து வந்தவன் தராசின் திருகைத் திருப்பி, 'இதைத் தொடாதே' என்று கூறிச் சென்றான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. வேலை வேண்டியிருந்தது.

"எந்த எடைக்கு மருந்து அளக்கட்டும்?" அவனுடைய குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க சொல்லாம நான் அளக்க மாட்டேன்."

அவள் ஒன்றில் நின்ற முள்ளைப் பார்த்தாள்.

"ஆறரை... என் தராசுதான் பொய். எனக்குத் தெரியும்... தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

அவன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கரைசலை அளவுகுழலில் ஏற்றிக் கோட்டைக் காட்டினான். "ஆறரை மில்லிகிராம். தினம் ஒரு வேளை, பால் கொடுக்க அரை மணி முன்னாடி. குடிச்சதும் முதுகுல கட்டாதீங்க, வயிறு அமுங்கும். நிமிர்த்தித் தூக்கிக்கோங்க."

"நாளைக்குக் காலையில விவசாயிங்ககிட்ட எங்க தராசு குறைச்சுக் காட்டுறதைச் சொல்லிடுவேன்," என்றாள். "என்னை என்ன செய்வாங்களோ... பயமா இருக்கு."

மறுநாள் காலை கிடங்கின் முன்னே அவள் உண்மையைக் கூறி முடித்தபோது, கூட்டம் கொதித்தது. "திருடி! எங்க பிள்ளைங்க வயித்துல அடிச்சியே!" என்று ஒருத்தி அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். செர்வா கண்களை மூடிக்கொண்டாள்.

"அவங்க சொல்லலேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா அக்கா? திருகைத் திருப்பினவனைக் கேட்கலாம், வாங்க!"

அழைக்காமலே வந்திருந்தான் டார்க்வா! கூட்டம் முணுமுணுத்தபடி நிறுவன அலுவலகத்தை நோக்கி நகர்ந்தது. செர்வா நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட்டாள்.

"வேலை போயிடும்," என்றாள்.

"போகும்."

"உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"ராத்திரி பூரா பயந்தேன்." அவன் அவளை ஏறிட்டு நோக்கத் துணியவில்லை. "புட்டியில இருக்கிறது ஒரு மாசத்துக்குத்தான். அவனுக்குச் சரியாயிட்டா... நீங்க என் கடைப்பக்கமே வரமாட்டீங்களேன்னு."

அவளுடைய ஈரக் கண்கள் மெல்ல உயர்ந்தன.

"மருந்து தீர்ந்தாலும் வருவேன்... டார்க்வா."