ஐந்து ஏடுகள்

அலமாரியின் பின்பலகை உப்பியிருந்தது. தண்ணீர் குடித்த பிளைவுட் ஓரத்தில்தான் முதலில் உப்பும். இதுவோ நட்டநடுவில், பின்னாலிருந்து யாரோ முட்டுக்கொடுத்துத் தள்ளியதுபோல உப்பியிருந்தது.

போன வருஷம் அதைச் செய்து பொருத்தியவர், இப்போது பார்க்க வந்திருந்த அதே தச்சர்தான். மட்டமான பலகையைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டுக்காரர் குதித்தாராம். அவர் மனைவி அதை முடிந்த அளவு பதமாகச் சொன்னாள். தச்சருக்குக் காது மடல் சூடானது. இருபத்தாறு வருஷத் தொழிலில் அப்படியொரு பேச்சை அவர் வாங்கியதில்லை.

"பாப்பா இந்த ரூம்ல படுக்கவே மாட்டேங்கறாண்ணா. அலமாரிக்குள்ள யாரோ மூச்சு விடறாங்களாம்."

"ஈரம் ஏறினா மரம் சத்தம் போடும்மா. பிரிச்சுப் பார்த்துடறேன்."

தூசி பறக்கும், பாப்பாவைக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே மழை பிடித்திருந்தது. பகல் மூன்று மணிக்கே அறை சாம்பல் பூத்து மங்கிவிட, துணிகளை அகற்றிக் காலியாக்கிய அலமாரிக்குள் தலையை நுழைத்து, உளியின் முனையை மைக்காவுக்கு அடியில் செருகி நெம்பியபோது ஒரு வாடை வந்தது. அது உளுத்த மரத்தின் வாடையும் இல்லை, பசையின் வாடையும் இல்லை, காய்ச்சலில் கிடப்பவன் வெகுநேரம் மூடிவைத்திருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

ஐந்து மெல்லிய மர ஏடுகளை ஒட்டிச் செய்த பலகை அது. முதல் ஏட்டில் ஐந்து மேடுகள் தெரிந்தன. மரத்தின் ரேகை என்று நினைத்தார். ஆனால் பிளைவுட்டில் ஒரு ஏட்டின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். வலுவுக்காக அப்படி மாற்றி மாற்றித்தான் ஒட்டுவார்கள். அதை உரித்தார். இரண்டாவதில் ரேகை குறுக்கேதான் ஓடியது. மேடுகள் மட்டும் அதே இடத்தில், அதே நெடுக்கில் நின்றன. இன்னும் தெளிவாக.

விரல்கள்.

அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்காரரின் பேச்சு மனசைக் குடைந்தது. உரித்தார். மூன்றாவதில் ஈரம் இல்லை. வெதுவெதுப்பு. உள்ளங்கை முழுசாகத் தெரிந்தது. மோதிரவிரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

தச்சர் தன் இடது கையைப் பார்த்தார். ரம்பத்துக்குப் பாதியைக் கொடுத்த மோதிரவிரல்.

மூன்றாவதும் நான்காவதும் தாமாகவே பிரிந்து விழுந்தன. மிச்சம் ஒரே ஏடு, அதிலும் அதே கைத்தடம். காகித கனம். அதற்குப் பின்னால் செங்கல் சுவர். சுவர்தான். அவரே அளந்த சுவர்.

ஏன் என்று தெரியாமலே இடது கையை அந்தத் தடத்தின்மேல் வைத்தார். கண்ணாடியில் கை வைத்ததுபோல, இம்மி பிசகாமல் பொருந்தியது.

ஏடு உள்வாங்கியது. உப்பியது. மறுபடி உள்வாங்கியது.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கத்தப் பார்த்தார். காற்றுகூட வரவில்லை.

"முடிஞ்சுதாண்ணா?" கதவுக்கு வெளியே அந்தப் பெண்.

பதில் ஏட்டுக்குப் பின்னாலிருந்து போனது. அவருடைய குரல். அவருடைய நிதானம்.

"முடிஞ்சுதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. பாப்பாவ உள்ள அனுப்புங்க, காட்டறேன்."

அவருடைய உள்ளங்கைக்கு அடியில் நாலரை விரல்கள் மெல்ல மடங்கி அவர் விரல்களைக் கோத்துக்கொண்டன. கூடத்திலிருந்து சின்னப் பாதங்கள் ஓடி வந்தன. கதவின் கைப்பிடி இறங்கியது.