பூவாடைப் புடவையில் ஒரு தூளி

பவித்ரா தன்னுடைய வெறுந்தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெறுந்தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். அவள் அம்மா சங்கீதா அந்த மாதிரிப் பேச்சைக் காதில் வாங்குகிறவள் இல்லை. ஆனால் தூளி தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து தொங்கியது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திப் பார்த்தாள். முடிச்சு தளர்ந்திருக்கும், பட்டு வழுக்கத்தானே செய்யும் என்று மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

தூளி கட்டியிருந்தது கெங்கம்மாளுக்கென்று நெய்த புடவையில். கெங்கம்மாள் சங்கீதாவின் புருஷன் தருமனுக்கு முதல் தாரம். பிள்ளை பிள்ளை என்று ஏங்கியே, பூவும் பொட்டுமாகச் செத்துப்போனவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வருஷம் ஒருமுறை புதுப்புடவையோடு மஞ்சள், பூ, வளையல் வைத்துப் படைப்பார்கள். இந்த வருஷப் படையலுக்குத் தருமன் தன் தறியிலேயே நெய்து வைத்திருந்த அரக்குப் பட்டைத்தான் சங்கீதா எடுத்து உத்தரத்துக் கொக்கியில் கட்டினாள்.

"அது பூவாடைப் பொடவம்மே! அதுல போயி புள்ளையப் போடுறியே?" என்று பதறினான் தருமன்.

"மலடிக்கு இன்னாத்துக்குப் பட்டு? இருக்கும்போதே ஒண்ணுத்துக்கும் ஒதவல. செத்தவளக் கும்புட்டுகினு இருந்தா ஆச்சா?"

அவன் தறியில் போய் உட்கார்ந்துகொண்டான். பிள்ளைப்பூச்சி! படையல் அதோடு நின்றது. செத்தவள் வந்து என்ன கிழித்துவிட்டாள் என்று சங்கீதா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது தருமன் புடவை கொடுக்க ஆரணிக்குப் போயிருந்தான். இரண்டு வயது பவித்ராவுக்குச் சில நாட்களாக உதவி செய்கிற பைத்தியம் பிடித்திருந்தது. அப்பாவுக்குச் செருப்பு எடுத்து வைப்பாள், அம்மாவுக்குப் பூண்டு பொறுக்கிக் கொடுப்பாள். மீதி நேரமெல்லாம் அம்மா விளையாட்டுத்தான்.

"ம்மா, மஞ்ச குடு."

"எதுக்குடி?"

"பாப்பா கேக்குது."

சங்கீதா சிரித்து ஒரு மஞ்சள் துண்டைக் கொடுத்தாள். குழந்தை கூடத்துக்கு ஓடியது. கொக்கி கிறீச்சிட்டது. மறுபடி வந்து பூ கேட்டது. தலையில் இருந்ததைப் பிய்த்துக் கொடுத்தாள்.

"ம்மா, வளையல்."

பேஜார் பிடித்த பிள்ளை. ஈரக்கையில் வளையல் சுலபமாகக் கழன்றது. இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்களோடு குழந்தை ஓடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மஞ்சள். பூ. வளையல்.

கரண்ட் போனது. தெருவில் இதுவரை தடதடத்துக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தி வெளிச்சம் ஜன்னலோடு நின்றுவிட்டது. கூடத்திலிருந்து அரைத்த மஞ்சளின் பச்சை வாசம், புதுப்பட்டின் கஞ்சி வாசம், ஊடே ஈரமண் வாசம்.

மஞ்சளை யார் அரைத்தது?

கொக்கி மட்டும் சத்தம் போட்டது. கிறீச். கிறீச்.

செல்போன் வெளிச்சத்தோடு கூடத்து வாசலில் நின்றாள். பவித்ரா தூளியைத் தட்டிக்கொடுத்து ஏதோ தாலாட்டு முனகிக்கொண்டிருந்தாள். தூளி நிறைந்திருந்தது. பட்டுக்குள் ஒரு முதுகு. மடங்கிய முழங்கால்.

"பவி. இங்க வா. ஜல்தி வா."

குழந்தை திரும்பவில்லை.

தூளியின் ஓரத்திலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. மஞ்சள் பூசிய கால். மெட்டி போட்ட கால். கட்டைவிரலைத் தரையில் ஊன்றி ஆட்டத்தை நிறுத்தியது.

ஏய் மலடி என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா," என்றாள் சங்கீதா. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் வாயில் வராத சொல். "பொடவைய எடுத்துக்கோக்கா. புள்ளைய வுட்டுடு."

பவித்ரா இப்போது திரும்பிப் பார்த்தாள். உதடு கோணியது. தெருவில் கெங்கம்மாளைப் பற்றிச் சொல்லும்போது சங்கீதா சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"நீ போ," என்றது குழந்தை.

பிறகு தூளியைப் பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தியது.

பட்டு விலகியது. இடம் விட்டது.

உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீண்டு குழந்தையின் அக்குளில் பிடித்தன. பச்சை வளையல்கள் குலுங்கின. பவித்ராவின் கால்கள் தரையை விட்டு எழும்பின.