ஐந்து டாலர் மீன்தொட்டி

சிடி அட்டையில் நாற்பது மீன்கள் என்று போட்டிருந்தது. வெர்னா கணினித் திரையில் எண்ணிப் பார்த்தபோது மூன்றுதான் இருந்தன. அதிலும் பெரியது வாலை ஆட்டாமலே நகர்ந்தது. அட்டையில் வெட்டி, குச்சியில் ஒட்டி, யாரோ பின்னாலிருந்து இழுப்பதைப் போல. தண்ணீரின் நிறமோ, பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் தினமும் வடித்துக் கொட்டும் டின் பட்டாணித் தண்ணீரின் நிறம்.

ஏமாறுவது அவளுக்குப் புதிதல்ல. அவள் ஊரான லொரெய்னில், மருந்துக்கடை வாசலில் விலை குறைத்துக் கொட்டி வைத்திருக்கும் சிடி கூடையை அவளால் சும்மா தாண்டிப் போக முடிந்ததே இல்லை. வாழ்த்து அட்டை செய்கிற சிடி ஒன்று வாங்கினாள். அது கிறிஸ்துமஸ் மரத்தைப் பாதி அச்சடித்துவிட்டு, மீதித் தாளில் எந்த ஊர் பாஷையிலும் இல்லாத எழுத்துகளைத் துப்பியது. ஆயிரம் விளையாட்டு என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் ருசி காட்டிவிட்டுப் பாதியில் நின்று காசு கேட்டது. சமையல் குறிப்பு சிடி கணினியையே ஒரு வாரம் படுக்க வைத்தது. ஒவ்வொரு தடவையும் இனி இந்தக் குப்பையைத் தொட்டால் என் பெயர் வெர்னா கோவாச் இல்லை என்பாள், அடுத்த வாரம் கூடையைக் கிளறிக்கொண்டு நிற்பாள்.

ஆனால் இந்த மீன்தொட்டியை அவள் எமிலுக்காக வாங்கினாள். முப்பது வருஷம் குழாய் ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன், லீவு நாளில் ஈரி ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டுப் பெர்ச் மீன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், போன இலையுதிர் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்தான். இடது பக்கம் போய்விட்டது. இடது கை, நசுங்கிய கல்யாண மோதிரத்தோடு, மடியில் கிடந்தது. கிள்ளினால் தெரியாது, கொதிக்கிற காபி கொட்டினாலும் தெரியாது. பேச்சு கோணிய வாயில் ஒன்றிரண்டு சொல்லாக வந்தது. வெர்னா வேலைக்குப் போனால்தான் மருத்துவக் காப்பீடு ஓடும். அவள் வேலைக்குப் போனால் அவன் காலையிலிருந்து மூன்று மணி வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அவனை முதியோர் விடுதியில் சேர்த்துவிடு என்று எமிலின் அக்கா லோயிஸ் வாரம் தவறாமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எமில் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை லோயிஸ் பார்க்கவில்லை. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று அன்றைக்கு வெர்னா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்த ஐந்து டாலர் மீன்தொட்டி.

அது ஒரு ஸ்கிரீன் சேவர். கணினியைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் தானாகத் திரையில் வரும், மவுஸை அசைத்தால் மறையும். எமில் எதையும் தொடப் போவதில்லை, அதனால் அவள் வரும்வரை மீன்கள் இருக்கும். மரத்த கையைத் தொங்கவிட்டால் தோள்மூட்டு கழன்றுவிடும், மேசையில் தாங்கி வையுங்கள் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லியிருந்தாள். வெர்னா அவனுடைய சக்கர நாற்காலியைக் கணினி மேசையோடு ஒட்டி நிறுத்தி, இடது கையைத் தலையணைமேல் வைத்து, எப்போதும் சில்லிட்டே கிடக்கும் விரல்களுக்குக் கம்பளி உறை மாட்டிவிட்டுப் போவாள். உறையின் நுனிக்கும் திரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையாது.

முதல் நாள் லோயிஸ் வந்து பார்த்துவிட்டு, "நாப்பது மீனுன்னு போட்டு மூணு குடுத்திருக்கான். அதுல ஒண்ணு செத்த மீனு. உன்னைப் பார்த்துத்தான்டி செஞ்சிருக்கான்" என்றாள்.

எமில் சிரித்தான். பாதி வாயால்தான், ஆனால் சிரித்தான். விழுந்ததிலிருந்து அவன் சிரித்து வெர்னா பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு சிடி வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரமே ஒரு மீன் குறைந்தது. சரளைக் கற்கள்மேல் எலும்பு கிடந்தது. வெர்னா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முள் முள்ளாக, முள்ளுக்கு நடுவே நார் நாராகச் சதை, பிய்ந்த இடத்தில் வெளுத்த தோல், கண் இருந்த குழியில் ஏதோ பிசுபிசுப்பு. வாலை ஆட்டக்கூடத் துப்பில்லாமல் மீனை வரைந்தவன் இந்த எலும்பை மட்டும் எதற்கு இத்தனை பொறுமையாக வரைந்தான்?

மூலையில் ‘இரை போடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. வெளிறிக் கிடந்தது. மவுஸை அசைத்தால் தொட்டியே மறைந்துவிடும் என்று விசைப்பலகையில் தட்டினாள். இது மாதிரிப் பதிப்பு, முழுப் பதிப்பு வாங்கினால்தான் மீனுக்கு இரை போடலாம் என்று வந்தது. திருட்டுப் பயல்கள் என்று திட்டினாலும், அட்டையில் இருந்த நெவாடா முகவரிக்குக் காசோலை அனுப்பினாள். கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம்.

அதற்குள் பெரியது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

பிறகு நாற்றம். முதலில் குளிர்பெட்டி என்று நினைத்து, போன வாரத்து முட்டைக்கோஸ் உருண்டைகளைத் தூக்கிப் போட்டாள். சாக்கடைக் குழாயில் அடைப்பெடுக்கும் மருந்து ஊற்றினாள். அப்புறம், சொல்லவே கூசியது, எமிலின் படுக்கைத் துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். அப்படி முகர்கிற தன்னையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் கணினித் திரைப்பெட்டியின் முதுகில், சூடு வெளியேறுகிற துளைகளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனபோது அங்கிருந்து வெதுவெதுப்பாக வந்தது: கோடையில் படகின் அடியில் மறந்துபோன மீன் வாளியின் வாடை. நாக்கில் ஒட்டிக்கொண்டது. பல் தேய்த்தும் போகவில்லை.

புதன்கிழமை எமிலைத் துடைத்துவிடும்போது இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்ததைக் கவனித்தாள். பயிற்சிப் பெண்தான் வெட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கம்பளி உறை ஈரமாக இருந்தது. கழற்றினாள். விரல்கள் வெளுத்து, சுருங்கி, நாளெல்லாம் பாத்திரம் கழுவிய கைபோல ஊறிக் கிடந்தன. நகம் வெட்டிய இடத்தில் நகமே இல்லை. நுனிகளில் தோல் வழவழவென்று கூழாக இருந்தது. அவள் கட்டைவிரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லை. வெர்னா குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

ரத்த ஓட்டம் இல்லாத கையில் தோல் இப்படி ஆவதுண்டு, சனிக்கிழமை நர்ஸ் வருவாள், அதுவரை உலர்வாக வையுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவள் மருந்து தடவி, துணி சுற்றி, மறுபடி உறை மாட்டினாள். மேசைக்குத் திரும்பிக் கணினியை அணைக்கப் போனபோது எமில் தலையை ஆட்டினான்.

"அணைக்காத."

"நாத்தம் தாங்கல, எமில்."

அவன் வெகுநேரம் வாயைக் கோணி, சொற்களைத் தேடிப் பிடித்தான். "பாவம், வெர்னா. அதுக்குப் பசி."

அவன் கண் கலங்கியிருந்தது. தூண்டிலில் வந்த கனத்த பெர்ச் மீனைக்கூட முட்டை வைத்திருந்தால் திருப்பி ஏரியில் விடுகிற மனுஷன். வெர்னா அவன் பேச்சைக் கேட்காமல் மீன்தொட்டியைக் கணினியிலிருந்து அழித்தாள். மலிவு சாமான், அழிப்பதற்குக்கூட ஒழுங்கான வழி இல்லை. தேடித் தேடி ஒவ்வொரு துண்டாக அழித்தாள். காலையில் காபியோடு வந்து பார்த்தால், திரையில் மறுபடி அதே பட்டாணித் தண்ணீர். நடுவில் அந்த ஒற்றை மீன், அசையாமல்.

லோயிஸைக் கூப்பிட்டாள். இந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும், வந்து ஒரு கை பிடி என்றாள். லோயிஸ் சாவகாசமாகப் பேசினாள்.

"போடு. அப்புறம் பகலெல்லாம் அவன் எதைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பான்? நான் விடுதியில பேசிட்டேன், ஒரு படுக்கை காலியா இருக்கு. நீ சரின்னு சொல்லு, திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போயிடலாம்."

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டாள். நாளைக்கு நர்ஸ் வருகிறாள். இன்று ஒரு பகல்தானே. நாற்காலியை வழக்கமான இடத்துக்குத் தள்ளினாள். கையைத் தலையணையில் வைத்தாள். தலையணையை மட்டும் திரையிலிருந்து ஒரு முழம் பின்னால் இழுத்துவிட்டாள்.

மதியம் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டத் தொடங்கியது. பேருந்து பாதி வழியில் நின்றுபோக, முழங்கால் பனியில் நடந்து அவள் வீட்டுக் கதவைத் திறந்தபோது வெளிச்சம் போயிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. கூடத்திலிருந்து பச்சை வெளிச்சம் மட்டும் சுவரில் நெளிந்துகொண்டிருந்தது, வீட்டைச் சூடாக்கும் உலையின் காற்று புஸ்ஸென்று வந்து நின்றது, திரைப்பெட்டி மெல்ல முனகியது, அந்த முனகலுக்கு அடியில், கவனித்தால் மட்டும் கேட்கிற மாதிரி, நாய் கிண்ணத்தை நக்குகிற சத்தம். நனைந்த, நிதானமான சத்தம். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.

"எமில்?"

சத்தம் நின்றது.

நாற்றம் ஒரு சுவர்போல நின்றது. வாயை மூடிக்கொண்டு நடந்தாள். எமிலின் தலை தெரிந்தது. நிமிர்ந்திருந்தான். மூச்சு விட்டான். தலையணை திரையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் பின்னால் இழுத்துவிட்டுப் போன தலையணை. அவனுடைய நல்ல கை அதன் ஓரத்தைப் பிடித்திருந்தது.

நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

நாற்காலி வந்தது. எமில் வந்தான். அவன் சட்டைக் கை வந்தது.

கம்பளி உறை மேசையிலேயே இருந்தது. தட்டையாக. ஈரமாக.

சட்டைக் கையின் நுனியில் வெள்ளையாக எலும்பு. அந்த மீனின் எலும்பைப் போலவே முள் முள்ளாக. முள்ளுக்கு நடுவே நார் நாராக.

"வலிக்கல, வெர்னா," என்றான் எமில். பாதி வாயால் சிரித்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். மீன் பெருத்திருந்தது. வயிறு திரையின் இரண்டு ஓரத்தையும் தொட்டது. கீழே சரளையில் மஞ்சளாக ஒரு வளையம். அதன் ஒரு பக்கத்தில் நசுங்கல். ஆலையில் இரும்பு விழுந்து நசுங்கிய, எமிலின் கல்யாண மோதிரம்.

மூலையில் ‘இரை போடு’. இப்போது வெளிறவில்லை. கறுப்பாக, பளிச்சென்று.

மறைய வேண்டும். இது கண்ணை விட்டு மறைய வேண்டும். மவுஸை அசைத்தால் மறையும். மவுஸ் கம்பளி உறைக்கு அந்தப் பக்கம் கிடந்தது, திரையை ஒட்டி. தன் கை ஏற்கனவே பாதி தூரம் நீண்டிருப்பதை வெர்னா அப்போதுதான் பார்த்தாள்.

மீன் அவள் பக்கம் திரும்பியது. முதல் தடவையாக வாலை ஆட்டியது.